அங்கமுத்து கேட்காத சீட்டு

எங்கள் சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அங்கமுத்து அண்ணனைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவன் நான்தான். படம் போட்டு, கட்டம் கட்டி, வழவழப்பான தாளில் அச்சடித்தார்கள். படித்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. பொய் என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆனால் ஒரு சங்கதியை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை. எழுதினால் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் வரவேண்டியிருக்கும், அதனால் விட்டேன்.

முதலில் அண்ணனைச் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். இரண்டு ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், மூட்டை மூட்டையாக வயர், இருபது சரம் சீரியல் பல்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் சுற்றுவட்டாரத்தில் அவர் செட்தான் கட்டும். ஆள் ஒல்லி. குரல் மட்டும் பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரவென்று இருக்கும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்த்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

நான் ஷஃபியுல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஒன்பது வருஷம் ஜித்தாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிளார்க்காக இருந்துவிட்டு 1996இல் திரும்பி, பெரம்பலூரில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மெஷினும் போட்டேன். என்னோடு திரும்பியவர்கள் தங்கமும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தார்கள். நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பாடம்தான். சீட்டு இல்லாமல் கிடங்கிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது, கேட்பவன் முதலாளியின் மச்சானாக இருந்தாலும் சரி. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு ஊரில் எல்லாரையும் படுத்தி எடுத்தேன். என் மனைவி நஃபீசா, "நம்ம வூட்டுல சோறு தின்னவும் சீட்டு எழுதணுமா?" என்று கேட்பாள்.

1997இல் பஸ் ஸ்டாண்டு சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து விழித்துணை நண்பர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தோம். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தலைவர். அங்கமுத்து அண்ணன் விளம்பரத்துக்கு. சீட்டு எழுதுகிற மேஜைக்கு நான். வேறு யார் உட்காருவார்கள்? ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி இலவசக் கண் முகாம். திருச்சியிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். என் மேஜையில் சீட்டு வாங்கினால்தான் டாக்டர் பார்ப்பார். ஆபரேஷன் தேவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அன்று சாயங்காலமே பஸ்ஸில் ஏற்றித் திருச்சிக்குக் கூட்டிப் போவோம். நாலாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வருவார்கள். பஸ்ஸில் ஐம்பது இடம். ஐம்பத்தோராவது ஆளுக்கு இடம் கிடையாது.

மாவட்டத்தைப் பிரித்தார்கள், அரியலூரைத் தனியாக்கினார்கள், மறுபடி சேர்த்தார்கள். அண்ணனுடைய விளம்பர ஆட்டோவுக்கு எந்த எல்லையும் கிடையாது. முகாமுக்கு முந்தின மூன்று நாளும் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பூலாம்பாடி, செட்டிகுளம், வாலிகண்டபுரம், அந்தப் பக்கம் அரியலூர், உடையார்பாளையம் வரைக்கும்.

"அன்பார்ந்த பொதுமக்களே! வர்ற ஞாயித்துக்கெழம இலவசக் கண் முகாம். எதுத்தாப்புல வர்றது எருமையா மருமகளான்னு தெரியாதவங்க எல்லாரும் வாங்க! வந்து கண்ணு தெரிஞ்சதும் மருமகளைப் பாருங்க. பாத்துட்டு, இதுக்கு எருமையே தேவலாம்னு எங்களைத் திட்டாதீங்க!"

சிரித்துக்கொண்டே வந்து ஆட்டோவைச் சூழ்ந்துகொள்வார்கள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து ஒவ்வொருவர் கண்ணிலும் அடித்துப் பார்ப்பார். "முத்திடுச்சு, கட்டாயம் வந்துடுங்க" என்பார். இல்லாவிட்டால், "இன்னும் முத்தல அப்பத்தா, அடுத்த தடவ பாத்துக்கலாம்." புரை முத்துகிறவரை காத்திருக்க வேண்டியதே இல்லை என்று டாக்டர்கள் எங்களிடம் எத்தனையோ தடவை சொன்னார்கள். ஐம்பது இடத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? முத்தினவர்கள் முதலில் என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சொல் எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது முகாமில் ஒரு தகராறு. உறுப்பினர் ஒருவர் தன் மாமியார், பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆறு பேரை முன்கூட்டியே பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார். செட்டிகுளத்திலிருந்து கொளஞ்சி என்று ஒரு அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வரிசையில் நின்றிருந்தார். இரண்டு கண்ணும் சுத்தமாகத் தெரியாது. டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் இடமில்லை. பஸ்ஸின் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதார். கும்பல் கூடிவிட்டது. "சங்கம் வச்சு அவனவன் மாமியாளுக்குக் கண்ணு வாங்கிக்கிறானுங்க" என்று எவனோ கத்தினான். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் எழுதிப் படித்தேன். சங்க உறுப்பினர்களின் குடும்பத்தார் எவருக்கும் முகாமில் சீட்டு கிடையாது. அவ்வளவுதான், ஒரே வரி. நாலு பேர் முனகினார்கள். முதலில் கையைத் தூக்கியவர் அங்கமுத்து அண்ணன்.

"பாய் சொல்றதுதான் சரி. நம்ம வூட்டாளுங்களுக்கு நாம இருக்கோம். ஊராளுங்களுக்கு யாரு இருக்கா?" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் பஸ்ஸின் முதல் இடத்தில் கொளஞ்சி அம்மா போய் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணனின் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாம் பெரிய கொரலு இந்தச் சின்ன மூஞ்சியிலேர்ந்தா வந்துச்சு?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அந்தத் தீர்மானத்தால் எங்களுக்கு ஊரில் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. 'அவனுங்க வூட்டுக்குன்னு ஒரு துரும்பு எடுத்துக்க மாட்டானுங்க' என்று பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. எழுதினது நானல்லவா?

அண்ணன் மனைவி குஞ்சம்மாள் அக்கா பூ கட்டுவார். கடைத்தெருப் பூக்கடைகளுக்குக் காலையிலும் சாயங்காலமும் வீட்டிலிருந்தே கட்டிக் கொடுப்பார். ஒரே மகளை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. துறைமங்கலத்தில் இரண்டு அறை ஓட்டு வீடு. நான் போகும்போதெல்லாம் மடியில் பூவைக் குவித்துக்கொண்டு, நம்மிடம் பேசிக்கொண்டே இருப்பார்; நாரைப் பார்க்காமலே விரல் தன் பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும். அதுதான் எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது. வேறு வேலை செய்கிறவராக இருந்திருந்தால் கண் போவது முன்னாடியே தெரிந்திருக்கும்.

2000இல் ஆரம்பித்திருக்க வேண்டும். நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கத்தில் வைத்த சோற்றுத் தட்டைக் காலால் தட்டிவிடுவார். எரிகிற பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்பார். அடிக்கடி தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வார். அண்ணன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"புரைதான் ஆரம்பிச்சிருக்கு. இன்னும் முத்தல. முத்தட்டும், ஒரு நாளைக்குத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துடலாம்," என்றார்.

அந்த ஒரு நாள் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம், அதற்கு முந்தின மூன்று நாள் விளம்பரம், மற்ற நாளில் கல்யாணமும் திருவிழாவும். பிழைப்பையும் பார்க்க வேண்டும் அல்லவா? சோம்பேறித்தனம் என்று அண்ணனைச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காரணம் வேறு. நாலு வருஷமாக அவர் பார்த்ததெல்லாம் குருடாகப் போய்க் கண்ணோடு திரும்பி வந்தவர்களை. கையைப் பிடித்து ஏற்றி விட்டவர் நாலாம் நாள் தானாக இறங்கி நடந்து வருவார். ஆயிரம் பேருக்கு மேல் அப்படிப் பார்த்துவிட்ட ஆளுக்குக் கண் போவது பற்றிய பயமே போய்விட்டது. சாதாரணமாக ஒரு விவசாயிக்கு, ஒரு கொத்தனாருக்கு இருக்கிற பயம் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. கண்தானே, எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அதைச் சொன்னவன் கண் முகாம் நடத்தியிருக்க மாட்டான்.

இனி, மலரில் எழுதாமல் விட்டது.

2001 ஜூலை, வாலிகண்டபுரத்தில் முகாம். விளம்பரத்தை முடித்துவிட்டு அண்ணன் ஒரு கல்யாணத்துக்குச் செட் கட்ட அரியலூர் போய்விட்டார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தங்கள். முகாமுக்கு அவர் வராத நாள் அநேகமாக அது ஒன்றுதான். வரிசையில் முந்நூறு பேர். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, ஊர். பெயர், வயது, ஊர்.

"பேரு?"

"குஞ்சம்மாள்."

"வயசு?"

"நாப்பத்தெட்டு இருக்கும் தம்பி."

குரல் தெரிந்த குரலாக இருக்கிறதே என்று நிமிர்ந்தேன். தலையை வாரி, நல்ல புடவை உடுத்தி, கையில் மஞ்சள் பையோடு அக்கா நிற்கிறார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். பெரம்பலூரிலேயே முகாம் நடந்தபோதெல்லாம் வராதவர், புருஷன் இல்லாத நாளும் ஊரும் பார்த்து வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.

"என்னக்கா, ஊரையெல்லாம் கூப்பிடுறவரு வூட்டு அம்மாவே வந்துட்டீங்க?"

"சும்மா டாக்டரு ஒருதரம் பாத்துச் சொல்லட்டும் தம்பி. பஸ்ஸுல எல்லாம் எடம் வேணாம்."

"பாத்தா ஆபரேஷன்னு எழுதுவாங்க. எழுதினா ஏத்தணும். ஏத்தினா நாளைக்கு அண்ணந்தான் தலை குனியணும். ரூல் போட்டப்ப மொதல்ல கையைத் தூக்கினதே அவருதான், தெரியும்ல?"

"தெரியும். அதான் வேணாங்கிறேன். பாத்து மட்டும் சொல்லட்டும். ராவெல்லாம் தலைவலி தாங்க முடியல."

"புரைதான்கா, அண்ணனே பாத்துச் சொன்னாரே. இன்னும் முத்தல. பொறுத்துக்குங்க. ஒரு நாளைக்கு நானே உங்க ரெண்டு பேரையும் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். "யம்மா, நவுந்து நில்லும்மா" என்று ஒருவர் சொன்னார். அக்கா நகர்ந்தார். மேஜையின் ஓரத்தைக் கையால் தடவித் தடவி நகர்ந்தார். அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கூட்டத்தில் அப்படித்தான் நகர்வார்கள் என்று நினைத்திருப்பேன். என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸிலும் நானே ஏற்றிவிட்டேன். படியில் நின்று திரும்பி, "நான் வந்தேன்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க தம்பி, சங்கடப்படுவாரு," என்றார்.

"சொல்ல மாட்டேன்கா," என்றேன்.

அன்று சாயங்காலம் எனக்குள் ஒரு பெருமிதம் வேறு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. நெருங்கிய சிநேகிதரின் மனைவிக்கே சீட்டு மறுத்துவிட்டேன், நான் எப்பேர்ப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நஃபீசாவிடம்கூடப் பெருமையடிக்க வாய் துடித்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் அடக்கிக்கொண்டேன். திருச்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன வாக்கு மட்டும் ஒரு வாரத்தில் மறந்துபோனது.

2003 கடைசியில் நோன்புப் பெருநாள். வழக்கம்போல இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். இலையில் பிரியாணி வைத்து, வலது பக்கம் தயிர் வெங்காயம் வைத்தாள் நஃபீசா. அக்கா எதிரில் இருந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "வெங்காயம் வைக்கலியா?" என்று கேட்டார். நஃபீசா அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். தண்ணீர் டம்ளரை எடுக்கிறேன் என்று காற்றைப் பிடித்தார். அவர்கள் போனதும் நஃபீசா என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தம்மாவுக்கு நேரா இருக்கிறது மட்டும் தெரியுது. பக்கத்துல இருக்கிறது எதுவும் தெரியல. எங்க பெரியம்மாவுக்குப் புரை இருந்துச்சு, எல்லாமே மங்கலாத் தெரியும்பாங்க. இது புரையில்லீங்க."

"அண்ணன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டாரு."

"டார்ச் அடிச்சா அவரு டாக்டராயிடுவாரா? மாசாமாசம் டாக்டர்மாரு உங்க பக்கத்து நாக்காலியில உக்காந்திருக்காங்க. ஒருதரம் காட்ட முடியல?"

"ரூல் இருக்கு நஃபீசா."

"உங்க ரூலைத் தூக்கி அடுப்புல போடுங்க. செவ்வாக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க ரெண்டு ஆம்பளையும் வந்தா வாங்க, வராட்டி போங்க."

போனோம். நாலு பேரும் திருச்சி பஸ்ஸில். எங்கள் முகாம்களுக்கு வழக்கமாக வரும் டாக்டரம்மாதான் அன்று இருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். அக்காவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அழுத்தம் பார்த்து, இருட்டறையில் உட்காரவைத்து வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார்.

"மூணு வருசமா இருக்குங்க. புரை முத்தட்டும்னு இருந்தோம்," என்றார் அண்ணன்.

"இது புரையே இல்லீங்க. கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கு. ஓரப் பார்வை ரெண்டு கண்ணுலயும் போயிடுச்சு. போனதைக் கொண்டுவர முடியாது. மருந்து போட்டு இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். அதுவும் ரொம்ப நாள் நிக்கும்னு சொல்ல முடியல." அண்ணனைப் பார்த்து, "மாசாமாசம் நான் உங்க ஊருக்கு வர்றேனேங்க. ஒருதரம் காட்டியிருக்கக் கூடாதா? ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தாக்கூட நிறுத்தி வச்சிருக்கலாம்," என்றார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். ஜூலையிலிருந்து ஜூலை, மறுபடி ஜூலை, அதற்குமேல் நாலைந்து மாதம். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அங்கேதான் நிற்கிறேன் என்று தெரியும்.

அண்ணன் அந்த ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊரைக் கூப்பிட்டேன், வூட்டுல இருந்தவளைக் கூப்பிடல," என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் எதைப் பேசினாலும் அந்த வாக்கியத்தில் வந்துதான் முடியும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி அவரே எழுந்து பேசினார். யாரும் எதிர்க்கவில்லை. உறுப்பினர் ஒருவர் பழக்கத்தில், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் கோபப்படவில்லை, "ஆமாங்க, அதேதான்," என்றார். அந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். வாலிகண்டபுரத்தில் இப்படி நடந்தது, தப்பு அண்ணனுடையது மட்டும் இல்லை என்று இரண்டே வாக்கியம் சொல்லியிருக்கலாம். நோட்டில் 'ரத்து செய்யப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

2005 பொங்கலுக்குள் அக்காவுக்கு எல்லாம் இருட்டாகிவிட்டது. அண்ணன் மைக் வயரை எடுத்து, படுக்கையிலிருந்து சமையல் கட்டுக்கும், சமையல் கட்டிலிருந்து கொல்லைக்கும் இடுப்பு உயரத்தில் சுவரோடு ஆணி அடித்துக் கட்டினார். சிவப்பு வயர் சமையல் கட்டுக்கு, கறுப்பு வயர் கொல்லைக்கு. "நிறம் அக்காவுக்கு எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன். "எனக்குக் கொழம்பாம இருக்க," என்றார். கறுப்பு வயரில் மட்டும் முழத்துக்கு ஒரு முடிச்சு. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நடந்து, வழக்கம்போலப் பூ கட்டினார்.

முகாமை அண்ணன் விடவில்லை. எருமையும் மருமகளும் மட்டும் விளம்பரத்திலிருந்து போய்விட்டார்கள். "அன்பார்ந்த பொதுமக்களே, உங்க வூட்டுல இருக்கிறவங்களை மொதல்ல கூட்டிட்டு வாங்க. முத்தட்டும் முத்தட்டும்னு இருந்துடாதீங்க. நான் இருந்தேன். என் பெண்டாட்டிக்குக் கண்ணு போயிடுச்சு" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார். தன் மானத்தைத் தானே குழாயில் ஏலம் போடுகிற மாதிரி இருக்கும். எத்தனையோ பேர் அதைக் கேட்டு வந்தார்கள். என் மேஜையில் சீட்டு வாங்கினார்கள். அவர் 'நான்' என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பாதி என்னைச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

சொல்லாததற்கு என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அக்காவே கேட்டுக்கொண்டார், நானும் வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றுவது எங்கள் மார்க்கத்தில் ஈமானில், இறைநம்பிக்கையில் சேர்த்தி. எத்தனை வசதியான ஈமான்!

2007 மாசியில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. இரண்டாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் விளிம்பில் அக்கா அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணனுடைய குரல் போய்விட்டிருந்தது. அந்தப் பீப்பாய்க் குரல் கொசு மாதிரி ஆகிவிட்டது. காதை அருகில் கொண்டுபோனேன்.

"பாய், இவ கண்ணை நான்தான் புடுங்கினேன். வேற யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். அக்கா முகத்தையும் பார்த்தேன். அக்கா தலையைச் சற்றே தூக்கி, காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது, கண் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. எல்லாம் அல்லாஹ் எழுதினது," என்றேன்.

என் பங்கையும் சேர்த்து அல்லாஹ்வின் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

சாவுக்கு எட்டு ஊர் ஜனம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் மட்டும் நூறு பேராவது இருப்பார்கள். கொளஞ்சி அம்மா இல்லை, அவர் முந்தின வருஷமே இறந்துவிட்டார். உடையார்பாளையத்து மகள் தாயைக் கூட்டிப் போகப் பார்த்தாள். "இங்கதான் வயரு இருக்கு" என்று அக்கா மறுத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து மலர் வந்தது. முதல் பிரதியை அக்காவுக்குக் கொண்டுபோனேன். மடியில் மல்லிகை கிடந்தது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவரு படம் எங்க இருக்கு?" என்றார். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். "படிங்க தம்பி, கேக்கலாம்," என்றார்.

படித்தேன். கடை, குரல், எருமை, மருமகள் எல்லாம் வந்தது. அக்கா இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தார். விரல் நிற்காமல் கட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன். அதைத்தான் எழுதும்போது மிகவும் ரசித்து எழுதியிருந்தேன்.

"ஊருக்கெல்லாம் ஒளி தந்த அந்த உத்தமர், தம் துணைவியாருக்காகக்கூட ஒருநாளும் முகாமில் சீட்டு கேட்டதில்லை."

பூ கட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"அவரு கேக்கலதான்," என்றார் அக்கா. "நான் கேட்டேனே தம்பி. அதை எழுதலியா?"

"அவருகிட்ட சொல்ல வேணாம்னு நீங்கதானேக்கா அன்னைக்கு..." என்று இழுத்தேன்.

"அன்னைக்குச் சொன்னேன். அப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சு. கண்ணு போனப்புறம் ரெண்டு வருசம் அந்த மனுசன் தன்னையே வைஞ்சுகிட்டுக் கெடந்தாரே, அப்பவும் வேணாம்னா சொன்னேன்? நான் சொன்னா உங்க ரெண்டு பேத்துக்கும் சண்டையாப் போயிடும். நீங்களாச் சொன்னா அது வேற. ஆஸ்பத்திரியிலயாச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

வெளியே தெருவில் எவனோ புதுக் கடைக்காரன் மைக்கில் நிலக்கடலை விலை சொல்லிக்கொண்டு போனான். அக்கா நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இன்னும் இருக்கா, முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"நாலு வரி இருக்குக்கா."

"அதையும் படிச்சுடுங்க."

படித்தேன்.